மார்க் ரோத்கோவின் செவ்வகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோத்கோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றன்கீழ் ஒன்றாக மிதக்கும் இரண்டு மூன்று வண்ணச் செவ்வகங்கள். அதைத் தொடர்ந்து "இதை யார் வேண்டுமானாலும் வரையலாமே" என்ற பேச்சும் வந்துவிடும். அதற்குப் பதில் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் தத்துவத்துக்குள் நுழைந்து காணாமல் போய்விடுகிறார்கள். இங்கே நாம் அவர் வண்ணம் குழைத்த கிண்ணத்தின் பக்கமே நிற்கப் பார்க்கிறோம். வாழ்க்கை வரலாற்றையும் தேவையான அளவுக்குச் சேர்த்திருக்கிறோம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இயற்பெயர் மார்குஸ் ரோத்கோவிச். 1903 செப்டம்பர் 25 அன்று ரஷ்யப் பேரரசின் த்வின்ஸ்க் நகரில் பிறந்தார். இன்று அது லாத்வியாவில் உள்ள டௌகாவ்பில்ஸ். அப்பா யாகோப் மருந்துக்கடைக்காரர். நான்கு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. அப்பா 1910இல் அமெரிக்காவுக்குப் போனார். அம்மாவும் அக்காவும் மார்குஸும் 1913இல் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சில மாதங்களிலேயே, 1914இல், அப்பா இறந்துபோனார். பையன் செய்தித்தாள் விற்றுக்கொண்டே படித்து, 1921இல் உதவித்தொகையோடு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1923இல் பட்டம் வாங்காமலே வெளியேறி நியூயார்க் வந்தார். அதே யேல் 1969இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் பள்ளியில் ஓவியர் மேக்ஸ் வெபரிடம் பயின்றார். அதைத் தவிர முறையான ஓவியக் கல்வி என்று பெரிதாக எதுவும் கிடையாது. 1938இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1940 வாக்கில் பெயரை மார்க் ரோத்கோ என்று சுருக்கிக்கொண்டார். 1970 பிப்ரவரி 25 அன்று இறந்தார்.

அவரை "யூத ஓவியர்" என்று சொல்வது சரியா?

பிறப்பாலும் வளர்ப்பாலும் சரி. அவருடைய கலைக்கு முத்திரையாகக் குத்தினால் அவரே ஏற்றிருக்கமாட்டார்.

அவர் பிறந்த காலத்தில் த்வின்ஸ்க் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். அப்பா முதலில் மதப்பற்று இல்லாத இடதுசாரி. பின்னர் மனம் மாறி வைதீக வழிக்குத் திரும்பினார். அதனால் மூத்த பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு படிப்பு கடைக்குட்டிக்கு மட்டும் வாய்த்தது. சிறு வயதிலேயே கெடர் எனப்படும் மதப் பள்ளிக்குப் போய் எபிரேய வேதத்தை மனப்பாடம் செய்தார். 1929 முதல் 1952 வரை புரூக்ளின் யூத மையத்தின் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். இருபது ஆண்டுக்கும் மேல் வீட்டு வாடகைக்குக் கைகொடுத்தது இந்தப் பகுதிநேர வேலைதான். பெயரைச் சுருக்கிய காலம் ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கி, அமெரிக்காவிலும் யூத வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

"உருவம் செய்யாதே என்ற யூதக் கட்டளையால்தான் உருவத்தை விட்டார்" என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் பொருந்தாது. நாற்பது வயதைத் தாண்டும்வரை அவர் மனிதர்களையும் புராணப் பிராணிகளையும் வரைந்துகொண்டிருந்தவர். ரஷ்யாவில் யூதர்களைக் கொன்று புதைத்த குழிகளைச் சிறுவயதில் பார்த்ததாகவும், அதே வடிவம்தான் செவ்வகமாக வந்தது என்றும் ஒரு கதை உண்டு. குழிகளைப் பற்றி அவர் நண்பர்களிடம் பேசியதுண்டு. ஆனால் அவர் சிறுவனாக இருந்தபோது த்வின்ஸ்க்கில் அப்படி ஒரு படுகொலை நடக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கேட்ட கதை நினைவாக மாறியிருக்கலாம். அதை வைத்துப் படங்களுக்குப் பொருள் சொல்லாமல் இருப்பது நல்லது.

செவ்வகங்களுக்கு முன் என்ன வரைந்தார்?

1930களில் நகர மனிதர்களை வரைந்தார். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லி உருவங்கள் அந்தக் காலத்தவை. 1935இல் அடால்ஃப் காட்லிப் முதலானோருடன் சேர்ந்து "பத்துப் பேர்" என்ற குழுவை அமைத்தார். பொருளாதார மந்தக் காலத்தில் அரசின் கலைஞர் வேலைத் திட்டத்தில் சம்பளம் வாங்கினார்.

1940களில் கிரேக்கப் புராணம், தத்துவவாதி நீட்சே, கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் சர்ரியலிசம் என்று கவனம் திரும்பியது. கடலடி உயிர்கள்போல் நெளியும் வடிவங்களை நீர்வண்ணத்தில் நிறைய வரைந்தார். இந்த நீர்வண்ணக் காலத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது தவறு. வண்ணத்தை மெல்லியதாகப் பரப்பி, அடியிலுள்ள வெளிச்சத்தை மேலே வரவிடும் வித்தையை அவர் பழகியது இங்கேதான். பின்னால் அதே வித்தையை ஏழெட்டு அடி உயரக் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தைக் கொண்டு செய்தார்.

1946 முதல் 1949 வரை உருவங்கள் கரைந்து, எல்லை மங்கிய வண்ணத் திட்டுகளாயின. 1949இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் "சிவப்புப் பட்டறை" ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. ரோத்கோ அதன் முன் திரும்பத் திரும்பப் போய் நின்றார். 1950 வாக்கில் இன்று நமக்குத் தெரிந்த அமைப்பு நிலைபெற்றுவிட்டது.

ஒரு படத்தை எப்படிச் செய்தார்? வண்ணத்தில் என்ன கலந்தார்?

எழுதி வைத்த செய்முறை எதுவும் இல்லை. வேலை செய்யும்போது வெளியாட்கள் பார்ப்பதையும் அவர் விரும்பவில்லை. நமக்குத் தெரிந்தவையெல்லாம் உதவியாளர்கள் சொன்னவையும், லண்டனின் டேட் அருங்காட்சியகம், ஹார்வர்ட், ஹூஸ்டன் ஆகிய இடங்களில் படங்களைப் பாதுகாக்கும் நிபுணர்கள் வண்ணத் துணுக்குகளைச் சோதித்துக் கண்டவையும்தான்.

துணி தடித்த பருத்திக் கேன்வாஸ். வழக்கமாக ஓவியர்கள் அதன்மேல் வெள்ளைப் பூச்சு கொடுத்து மழமழப்பாக்கிவிட்டுத் தொடங்குவார்கள். ரோத்கோ தன் முதிர்ந்த படங்கள் பலவற்றில் அதைச் செய்யவில்லை. முயல் தோலிலிருந்து எடுத்த பசையைச் சூடாக்கி, அதிலேயே வண்ணப் பொடியைக் கலந்து, வெறும் துணிமேல் நேராகப் பூசினார். நம் ஊர் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் இருக்கிறதே, அதே வகைப் பசைதான் இது. துணியைப் பதப்படுத்துவதும் முதல் வண்ணம் ஏற்றுவதும் இப்படி ஒரே பூச்சில் முடிந்துவிடும். துணியின் இழையோட்டமும் மறையாது.

அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய பூச்சுகள். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைன் ஊற்றித் தண்ணீராகக் கரைப்பார். சிலவற்றில் முழு முட்டையை அடித்துச் சேர்ப்பார். டாமர் பிசின் சேர்ப்பார் (நம் குங்கிலியத்துக்குப் பங்காளி, ஒரே தாவரக் குடும்பம்). 1950களின் இறுதியில் செயற்கைப் பிசின்களும் சேர்ந்தன. இந்தக் கலவை மாற்றங்களுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, சீக்கிரம் காயும், அடுத்த பூச்சுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மற்றது மினுமினுப்பு. எண்ணெய் கூடினால் பளபளக்கும், டர்பன்டைன் கூடினால் சுண்ணாம்புச் சுவர்போல் மங்கும், முட்டை இரண்டுக்கும் நடுவே நிற்கும். ஒரே கருஞ்சிவப்பை இரண்டு விதமாகக் கலந்து பக்கத்துப் பக்கத்தில் பூசினால், நிறம் ஒன்றே என்றாலும் நாம் நகரும்போது ஒன்று முன்னே வரும், மற்றது பின்வாங்கும். அவர் படங்களில் ஏதோ அசைவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தூரிகை, வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் வைத்திருக்கும் அகலத் தூரிகை. செவ்வகத்தின் விளிம்பில் அதை உலர்வாகத் தேய்த்து இழுத்துக் கோடு விழாமல் பார்த்துக்கொள்வார். சில படங்களில் வண்ணம் கீழிருந்து மேலாக வழிந்திருப்பதைப் பார்க்கலாம். வரையும்போது கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வேலை செய்திருக்கிறார் என்பதற்கு அந்த வழிசலே சாட்சி.

சட்டம் போட மாட்டார். கண்ணாடி கிடையாது. மேலே வார்னிஷும் கிடையாது. கேன்வாஸ் மரச்சட்டத்தில் மடியும் பக்கவாட்டிலும் வண்ணம் ஏறியிருக்கும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

செய்து பார்க்கலாம். இரண்டு அடிக்கு இரண்டரை அடி அளவில் ஒன்று முயன்றாலே "யார் வேண்டுமானாலும்" என்ற பேச்சு அடங்கிவிடும். தேவையானவை: சட்டத்தில் இறுக்கி அடித்த தடித்த காடாத் துணி, வச்சிரம், மூன்று நான்கு வண்ணப் பொடிகள், எண்ணெய் வண்ணக் குழாய்கள், டர்பன்டைன், நான்கு அங்குலத் தூரிகை.

100 மில்லி தண்ணீருக்கு 7 கிராம் வச்சிரம் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அது ஜெல்லிபோல் உப்பியிருக்கும். அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிக் கரையுங்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதித்துவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும், பிறகு வண்ணம் கையோடு உதிரும். வண்ணப் பொடியைத் தனியாகச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு, பிறகு பசையில் சேருங்கள். பொடியாகவே கொட்டினால் கட்டி விழும். பொடி பறக்கும் என்பதால் முகக்கவசம் அவசியம். காட்மியம், ஈயம் கலந்த பொடிகளைத் தொடவே வேண்டாம்.

சூடாக இருக்கும்போதே துணி முழுவதும் ஒரே மூச்சில் பூச வேண்டும். பாதியில் நின்றால் பசை இறுகத் தொடங்கி, நின்ற இடம் தழும்பாகத் தெரியும். முழுதும் காய ஒரு நாள் விடுங்கள்.

அடுத்து எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்த்த மோராகக் கரைத்து, செவ்வகத்தைப் பூசுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளேயே நின்றுகொள்ளுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் வேறுபட்ட நிறத்தில் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. ஐந்தாறு பூச்சுக்குப் பிறகுதான் ஏதாவது நடக்கத் தொடங்கும்.

கெட்டுப்போவது எங்கே என்றால்: பசை கெட்டியாகிவிட்டால் காய்ந்தபின் துணி விறைத்து வெடிக்கும். டர்பன்டைன் மிகுந்துவிட்டால் வண்ணத்தைப் பிடித்து வைக்க எண்ணெய் போதாமல் விரலில் பொடியாக ஒட்டும். பூச்சு தடித்துவிட்டால் அடி நிறம் செத்துப்போய், வெறும் பெயின்ட் அடித்த பலகையாகிவிடும். பெரும்பாலோர் தோற்பது இந்த மூன்றாவதில். ஈரக்காற்றுள்ள ஊரில் பசைப் பூச்சில் பூஞ்சையும் வரலாம், காற்றோட்டமாக வையுங்கள். எண்ணெய் படிந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக் கூடியவை. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

உணவகத்துக்கு வரைந்து கொடுக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராமே?

உண்மைதான். 1958இல் நியூயார்க் சீக்ராம் கட்டடத்தில் திறக்கவிருந்த ஃபோர் சீசன்ஸ் என்ற ஆடம்பர உணவகத்துக்குச் சுவர் ஓவியங்கள் கேட்டார்கள். 500 முதல் 600 சதுர அடிக்கு 35,000 டாலர். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. பவரி சாலை 222ஆம் எண்ணில் பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உணவக அறையின் அளவுக்கே சாரம் கட்டி வேலை செய்தார். பிரகாசமான மஞ்சளும் ஆரஞ்சும் போய், கருஞ்சிவப்பும் கறுப்பும் வந்தன. மிதக்கும் செவ்வகங்களுக்குப் பதில் சன்னல்போன்ற திறந்த சட்டங்கள் வந்தன. பிளாரன்சில் மைக்கலாஞ்சலோ கட்டிய லாரன்ஸிய நூலகத்தின் அடைபட்ட சன்னல்கள் இதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1959இல் மனைவி மெல்லுடன் அந்த உணவகத்துக்குச் சாப்பிடப் போனார். அங்கே வந்து சாப்பிடுகிற கூட்டத்தையும் விலையையும் பார்த்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது உணவகம் என்பது முன்பே தெரியாதா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. சாப்பிடுகிறவர்களின் பசியைக் கெடுப்பதே நோக்கம் என்று அவர் ஒரு பத்திரிகையாளரிடம் கப்பலில் வைத்துச் சொன்னதைப் பார்த்தால், தெரிந்தே ஒப்புக்கொண்டார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

வரைந்தவை சுமார் முப்பது. அவற்றில் ஒன்பதை லண்டன் டேட்டுக்குக் கொடையாகக் கொடுத்தார். அவர் இறந்த அன்றுதான் அவை லண்டன் வந்து இறங்கின.

ஹார்வர்ட் படங்கள் ஏன் வெளுத்துப்போயின?

ஓவியம் வாங்குகிறவர்களும் வரைகிறவர்களும் படிக்க வேண்டிய பாடம் இது. 1962இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் மையத்தில் பத்தாம் மாடி விருந்து அறைக்கு ரோத்கோ வரைந்து கொடுத்தார். ஐந்து படங்கள் 1964இல் அறையில் ஏறின. ஆழ்ந்த செந்நீலப் பின்னணி. அந்த நிறத்துக்கு அவர் எடுத்துக்கொண்டவை அல்ட்ராமரைன் நீலமும் லித்தால் சிவப்பு என்ற பொடியும். லித்தால் சிவப்பு அச்சு மைக்குப் பயன்படும் மலிவுச் சரக்கு. பார்க்கக் கண்ணைப் பறிக்கும், வெயிலில் நிற்காது. அதைப் பசையில் மெல்லியதாகக் கலந்து, மேலே வார்னிஷ் இல்லாமல் விட்டார்.

அறையோ தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. திரையை மூடிவைக்கச் சொல்லியிருந்தும் ஊரழகு பார்க்கத் திறந்துவிடுவார்கள். ஐந்து படங்களும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெயில் பட்ட இடத்தில் சிவப்பு ஓடிப்போய் வெளிர்நீலமாகவும், படாத இடத்தில் பழைய நிறமாகவும் திட்டுத்திட்டாயின. விருந்துகளில் சாப்பாட்டுக் கறையும் கீறலும் சேர்ந்தன. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள்.

மேலே புது வண்ணம் பூசுவது சாத்தியமில்லை. வார்னிஷ் இல்லாத பரப்பில் பூசியதைப் பிறகு எடுக்க முடியாது. 2014இல் ஹார்வர்ட் அருங்காட்சியகம் வேறு வழி கண்டது. 1964இல் எடுத்த வண்ணப் புகைப்படங்களே வெளுத்திருந்தன. அறையில் மாட்டப்படாமல் தப்பிய ஆறாவது படத்தை வைத்து அவற்றின் நிறத்தைச் சரிசெய்து, ஒவ்வொரு புள்ளியிலும் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டு, அந்தக் குறையை மட்டும் புரொஜெக்டர் ஒளியாகப் படத்தின்மேல் பாய்ச்சினார்கள். அந்தக் கண்காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைத்தார்கள். செந்நீலம் சட்டென்று வடிந்து, வெளுத்த நீலம் வெளியே வந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் அந்த நேரத்துக்கு வந்தார்கள்.

ஹூஸ்டன் வழிபாட்டுக்கூடத்தில் என்ன இருக்கிறது? அங்கே எல்லாம் கறுப்பு என்கிறார்களே.

முழுக் கறுப்பு அல்ல. கலைச் சேகரிப்பாளர்களான ஜான், டொமினிக் டி மெனில் தம்பதி இந்தக் கூடத்துக்கென்றே 1964இல் கேட்டு வரையச் செய்த 14 படங்கள். மூன்று மூன்றாகச் சேர்ந்த தொகுதிகள் மூன்று, தனிப் படங்கள் ஐந்து. எண்கோண அறை. பாதிப் படங்களில் கருஞ்சிவப்பின் நடுவே கூர்விளிம்புக் கறுப்புச் செவ்வகம் இருக்கிறது. மீதியில் செவ்வகமே இல்லை, பிளம் பழத்தின் கருநீலச் சிவப்பு மட்டும். உள்ளே நுழைந்த முதல் ஐந்து நிமிடம் கறுப்பாகத்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகே சிவப்பு எழும். அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் "எல்லாம் கறுப்பு" என்கிறார்கள்.

நியூயார்க்கில் 69ஆம் தெருவில் பழைய குதிரைவண்டிக் கொட்டகை ஒன்று அவர் பட்டறை. கூடத்தின் சுவர்களை அங்கே உண்மை அளவில் கட்டி, கப்பி போட்டுப் படங்களை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கூரைக் கண்ணாடிக்குக் கீழே பாராசூட் துணியைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தினார். கூடத்திலும் அதே கூரை வெளிச்சம் வேண்டும் என்றார். கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சனுக்கும் அவருக்கும் கூரை விஷயத்தில் ஒத்துப்போகாமல் ஜான்சன் விலகிக்கொண்டார். ரோத்கோ ஹூஸ்டனுக்குப் போய்ப் பார்த்ததே இல்லை. டெக்ஸாஸ் வெயில் நியூயார்க் வெயில் அல்ல. 1971இல் திறந்த நாளிலிருந்தே வெளிச்சம் படங்களைக் கூசடித்தது. துணி கட்டினார்கள், தடுப்பு மாட்டினார்கள். 2020இல் முடிந்த புதுப்பிப்பில் கூரைச் சன்னலையே மாற்றிய பிறகுதான் ஓரளவு சரியானது. 2024இல் புயல் மழையில் கூரை ஒழுகிச் சில படங்கள் சேதமாயின. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

கறுப்புச் செவ்வகங்களில் முட்டை கலந்திருக்கிறது. நாளடைவில் அவற்றின்மேல் வெள்ளைப் பூப்போல ஒரு படலம் படிந்தது. அவர் கலவைகளுக்குக் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று.

அவர் படங்களை ஏன் இவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறார்கள்?

வார்னிஷ் இல்லை என்றால் படத்துக்கும் உலகத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை. 2012 அக்டோபர் 7 அன்று டேட் மாடர்னில் ஒருவர் 1958ஆம் ஆண்டுச் சீக்ராம் படம் ஒன்றின் மூலையில் மை பேனாவால் கிறுக்கினார். மை அடுக்குகளுக்குள் இறங்கித் துணிவரை ஊறிவிட்டது. வார்னிஷ் பூசிய படமாயிருந்தால் வார்னிஷோடு சேர்த்துத் துடைத்திருப்பார்கள். இங்கே அது முடியாது, ஏனென்றால் மையைக் கரைக்கும் எதுவும் ரோத்கோவின் முட்டையையும் பிசினையும் சேர்த்தே கரைக்கும். அதனால் அவர் முறையிலேயே ஒரு மாதிரிப் பலகையைச் செய்து, செயற்கையாக முதுமை ஏற்றி, அதே மையால் கிறுக்கி, கரைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் பென்சைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் சேர்ந்த கலவை ஒத்துவந்தது. எடுக்க முடியாமல் தங்கிய மையின்மேல், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கக்கூடிய வண்ணத்தால் ஒட்டுப்போட்டார்கள். 18 மாதம் ஆனது. 2014 மே மாதம் படம் மீண்டும் சுவரேறியது.

2025இல் ராட்டர்டாமில் ஒரு குழந்தை தொட்டதில் இன்னொரு படத்தின் அடிப்பகுதியில் கீறல் விழுந்தது. தரையை ஒட்டி மாட்டச் சொன்னவரும் ரோத்கோதான், அதையும் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்?

ஒன்றரை அடி என்று அவர் சொன்னதாக வழக்கு. பெரிய படத்தின் முன் அவ்வளவு கிட்டே நின்றால் விளிம்புகள் கண்ணுக்குத் தப்பிப்போகும், வண்ணத்துக்குள் நிற்பதுபோல் இருக்கும். காவலாளி அவ்வளவு நெருங்க விடமாட்டார், மூன்று நான்கு அடியில் நில்லுங்கள்.

1961இல் லண்டன் வைட்சேப்பல் கூடத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் இன்றும் பயன்படும். சுவர் பளீர் வெள்ளையாக இருக்கக் கூடாது, அம்பர் என்ற மண்பழுப்பு கலந்து, துளி சிவப்பால் சூடேற்றிய மங்கல் வெள்ளை வேண்டும். பெரிய படங்களைத் தரைக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வெளிச்சம் மட்டாக இருக்க வேண்டும், தனி விளக்கு போட்டுப் படத்தை ஜொலிக்கவைக்கக் கூடாது.

கைபேசித் திரையில் பார்த்து முடிவுக்கு வருவது வீண். திரை மினுமினுப்பு வேறுபாட்டைக் காட்டாது, அளவையும் காட்டாது.

தலைப்பு எண்கள் ஏன் குழப்புகின்றன?

அவர் தலைப்பு வைப்பதை நிறுத்திவிட்டு எண் போட்டார். ஒவ்வொரு கண்காட்சிக்கும் புதிதாக எண் போட்டதால் ஒரே எண்ணில் பல படங்கள் உண்டு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் நிறப் பெயர்கள் பெரும்பாலும் விற்பவர்கள் அடையாளத்துக்காகச் சேர்த்தவை. ஒரு படத்தைக் குறிப்பிடும்போது எண், நிறங்கள், ஆண்டு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1998இல் வெளிவந்த முழுப் பட்டியலில் கேன்வாஸ் படங்கள் மட்டும் 836.

கடைசி ஆண்டுகளில் என்ன நடந்தது?

1968இல் இதயப் பெருந்தமனி வீங்கி உயிர் பிழைத்தார். 40 அங்குலத்துக்கு மேல் உயரமாக எதையும் வரையக் கூடாது என்றார் மருத்துவர். அதனால் தாளுக்கும் அக்ரிலிக்குக்கும் மாறினார். அக்ரிலிக் தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும், மூச்சடைக்கும் டர்பன்டைன் வேண்டாம். கொஞ்ச நாளில் தடையை மீறிப் பெரிய கேன்வாஸுக்குத் திரும்பிவிட்டார். 1969இல் மேலே கறுப்பு, கீழே சாம்பல், ஓரத்தில் நாடா ஒட்டி எடுத்த மெல்லிய வெள்ளைக் கரை என்று ஒரு வரிசை. அவற்றைச் சாவின் முன்னறிவிப்பாகப் படிக்கிறவர்கள் அதே காலத்தில் அவர் தாளில் வரைந்த இளஞ்சிவப்பு, வெளிர்நீலப் படங்களையும் பார்க்க வேண்டும்.

உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் குடியும் சேர்ந்திருந்தன. மனைவியைப் பிரிந்து பட்டறையிலேயே வாழ்ந்தார். 1970 பிப்ரவரி 25 அன்று அங்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் மெல்லும் இறந்தார். மகள் கேட் என்பவருக்கு அப்போது 19 வயது, மகன் கிறிஸ்டோபருக்கு ஏழு நிறையும் தறுவாய்.

ரோத்கோ வழக்கு என்றால் என்ன?

அவர் விட்டுச்சென்ற 798 படங்களை உயிலை நிறைவேற்ற நியமித்த மூவர் சில மாதங்களிலேயே மார்ல்பரோ காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நூறு படம் 18 லட்சம் டாலருக்கு, அதுவும் 12 ஆண்டுத் தவணையில், வட்டியில்லாமல். மீதியை விற்றுத்தர 50 சதவீதத் தரகு. மூவரில் ஒருவர் அதே காட்சிக்கூடத்தில் பொறுப்பில் இருந்தவர், இன்னொருவர் அதனிடம் தன் படங்களை விற்க ஒப்பந்தம் போட்ட ஓவியர். கேட் 1971இல் வழக்குத் தொடுத்தார். 1975இல் தீர்ப்பு பிள்ளைகள் பக்கம் வந்தது. மூவரும் நீக்கப்பட்டார்கள், இழப்பீடும் அபராதமுமாக 92 லட்சம் டாலர் விதிக்கப்பட்டது, விற்காமல் இருந்த படங்கள் திரும்பி வந்தன. கலைஞர்களின் வாரிசு உரிமை பற்றிய பேச்சில் இன்றும் முதலில் வருவது இந்த வழக்குதான்.

இப்போது என்ன விலை? போலிகள் உண்டா?

1961ஆம் ஆண்டு ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் படம் 2012 மே மாத ஏலத்தில் 8 கோடியே 69 லட்சம் டாலருக்குப் போனது. 1950ஆம் ஆண்டு வெள்ளை நடுப்பட்டைப் படம் 2007இல் 7 கோடியே 28 லட்சம்.

போலிகளும் உண்டு. நியூயார்க்கின் பழம்பெரும் காட்சிக்கூடம் ஒன்று 2004இல் 83 லட்சம் டாலருக்கு விற்ற "ரோத்கோ" போலி என்று பின்னால் தெரிந்தது. 2016இல் வழக்கு நீதிமன்றம்வரை போனது. செவ்வகத்தைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிப்பது கடினம். அடிப்பூச்சில்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர் வழக்கமில்லாத இடத்தில் கெட்டியான வெள்ளைப் பூச்சு இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

எண்ணிக்கையில் முதலிடம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு. அதே ஊரில் பிலிப்ஸ் கூடத்தில் 1960இல் அமைத்த சிறு ரோத்கோ அறை இருக்கிறது. நான்கே படங்கள். நடுவில் ஒற்றை பெஞ்சு போதும் என்று அவரே வந்து சொன்னபடி இன்றும் வைத்திருக்கிறார்கள். ஒரே இடம்தான் போக முடியும் என்றால் நம் பரிந்துரை இதுதான். லண்டன் டேட்டின் ஒன்பது படங்களும் எப்போதும் ஒன்றாக மாட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஏழு சீக்ராம் படங்களை வைத்திருந்த சகுரா நகர அருங்காட்சியகம் 2025இல் மூடப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டி நூலை நம்பிப் போகவேண்டாம். பிறந்த ஊரான டௌகாவ்பில்ஸ் கோட்டையின் பழைய ஆயுதக் கிடங்கில் 2013 முதல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. பிள்ளைகள் கொடுத்த அசல் படங்களை அங்கே மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

எங்கே போனாலும் படத்தின் முன் நின்று முடித்தபின் பக்கவாட்டில் போய், சுவரோடு ஒட்டினாற்போல் சாய்ந்து பாருங்கள். நேரே பார்த்தபோது ஒரே கறுப்பாக இருந்தது இரண்டாகப் பிரிந்து, ஒன்று மங்கலாகவும் ஒன்று மினுக்கமாகவும் தெரியும். கேன்வாஸ் மடியும் ஓரத்தில், முன்பக்கம் எங்கும் காணாத ஒரு சிவப்பு வழிந்து உறைந்திருக்கும்.